ஒரு ஸ்க்ரூ கழன்ற கதை

'அவனுக்கு ஒரு ஸ்க்ரூ கழண்டிருக்கு' என்று ஆபீஸில் பக்கத்து சீட்காரரைப் பற்றிச் சொல்கிறோம். ஒரு ஸ்க்ரூவுக்கே இந்தப் பேச்சு என்றால், நானூறு ஸ்க்ரூ கழன்றவனை என்ன சொல்வீர்கள்? அதுவும் மாமியார் காலடியில் கழன்றவனை?

அடியேன்தான் அது. விவரமாகச் சொல்கிறேன். கல்யாணம் ஆகாத வாசகர்கள் கொஞ்சம் கூர்ந்து படிக்கவும். பின்னால் உதவும்.

என் மச்சினன் சிங்கப்பூரில் பன்னிரண்டு வருஷம் சம்பாதித்துவிட்டுத் திரும்பி வந்தான். மயிலாடுதுறையிலேயே ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கலாம். 'ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா' என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் அவனுக்குக் கடல் வேண்டுமாம். தரங்கம்பாடி பக்கம், கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி வீடு கட்டினான். 1620-ல் டென்மார்க்காரர்கள் கப்பலில் வந்து கோட்டை கட்டின ஊர். அவர்களுக்குப் பிடித்துப்போன காற்று இவனுக்கும் பிடித்துவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் கடலைப் பார்த்த மாதிரி ஒரு மரத்தளம் போட வேண்டும் என்று ஆசைப்பட்டான். பலகை பலகையாக அடுக்கி, மேலே இரண்டு நாற்காலி போட்டு, சாயங்காலம் டீ குடிப்பதற்கு.

"மச்சான், நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்துக்கணும். உங்களுக்குத்தான் கணக்கு தெரியும்" என்றான்.

நான் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் இருபது வருஷம் குப்பை கொட்டினவன். கணக்கு தெரியும் என்று எவனாவது சொல்லிவிட்டால் அப்புறம் எனக்கு நிதானம் இருக்காது.

மரம் வந்து இறங்கியது. வெளிநாட்டு பைன். லேசாகப் பச்சை அடித்த நிறம். "மருந்து ஏத்தின மரம் சார். மேலுக்குப் பூசினது இல்ல. பெரிய உருளைத் தொட்டிக்குள்ள போட்டு, காத்தை உறிஞ்சி எடுத்துட்டு, பிரஷர் குடுத்து மருந்தை உள்ளுக்கு எறக்கினது. கரையான் கிட்ட வராது" என்றார் மர வியாபாரி. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம். கரையான் வரவில்லை. வினை வேறு வழியாக வந்தது.

அடுத்தது ஹார்டுவேர் கடை. நானூறு ஸ்க்ரூ வேண்டும். கடைப்பையன் இரண்டு டப்பாவை எடுத்துப் போட்டான். ஒன்று கறுப்பு ஸ்க்ரூ, ஒன்று ஒரு ரூபாய். இன்னொன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஒன்று ஒன்பது ரூபாய்.

"வெளியில போடற வேலைன்னா ஸ்டெயின்லெஸ் போடுங்க சார்" என்றான்.

"ஏம்ப்பா, மரத்துக்குள்ள மறைஞ்சு போற ஸ்க்ரூவுக்கு எவர்சில்வர் எதுக்கு? என்ன கல்யாணச் சீரா?" என்று கேட்டேன். கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. 3,200 ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்தேன். மச்சினன் அன்று ராத்திரி எனக்கு இறால் வறுவல் போட்டான்.

இரண்டு மழைக்காலம் போயிற்று.

ஐப்பசி மாசம். என் மாமியாருக்கு ஐப்பசி என்றால் மயிலாடுதுறை துலாக்கட்டம்தான். மாசம் பூராவும் முடியாவிட்டாலும் கடைசி நாள் கடைமுகத்துக்குக் காவிரியில் ஒரு முழுக்குப் போடாமல் இருக்க மாட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வருஷம் தவறியதில்லை. பெரிய மழையில்கூடக் குடை பிடித்துக்கொண்டு போய் முழுகிவிட்டு வந்தவர். (மழையில் நனைந்தாலே போதாதா என்று கேட்டு நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.)

கடைமுகத்துக்கு நாலு நாள் முன்னால், மகன் வீட்டு மரத்தளத்தில் பூத்தொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், எழுந்து இரண்டடி வைத்தார். ஒரு பலகை சீஸா மாதிரி அந்தப் பக்கம் தூக்கி, இந்தப் பக்கம் இறங்கியது. கால் உள்ளே.

எலும்பு முறியவில்லை. கணுக்காலில் தசை பிசகி, பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டு, "மூணு வாரம் கால ஊனக்கூடாது" என்றார். மாமியார் கேட்ட முதல் கேள்வி, "கடைமுகத்துக்குப் போகலாமா?"

டாக்டர் தலையாட்டினார். அது இடம் வலமாக ஆடியது.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் வயசான ஆசாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பலகையில் ஸ்க்ரூவின் தலைகள் எல்லாம் வரிசையாக ஒழுங்காகத்தான் தெரிந்தன. ஒன்றை ஸ்க்ரூடிரைவரால் லேசாக நெம்பினார். தலை மட்டும் கையோடு வந்தது. கழுத்தைக் காணோம். இன்னொன்றைக் குறடால் இழுத்தார். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடியாக இருந்த ஸ்க்ரூ, பென்சில் முள் மாதிரி மெலிந்து வந்தது. மேலே சொறி சொறியாகத் துரு.

"தம்பி, மரத்தைப் பாருங்க" என்றார். உளியால் குத்திக் காட்டினார். மரம் கிண்ணென்று இருந்தது.

"என் வாழ்நாள்ல மரம் உளுத்து ஆணி நிக்கிறதப் பாத்திருக்கேன். ஆணி உளுத்து மரம் நிக்கிறத இப்பத்தான் பாக்கிறேன்."

கடல் காற்று, உப்பு என்று நான் சமாதானம் சொன்னேன். அது பாதி உண்மைதான். ஏனென்றால் பக்கத்திலேயே மாட்டுக்கொட்டகையில், மருந்து ஏற்றாத மரத்தில் அதே கறுப்பு ஸ்க்ரூ போட்டிருந்தது. அதுவும் துருதான். ஆனால் இந்த அளவுக்கு மெலியவில்லை. அப்படியானால் மீதிப் பாதி என்ன?

உங்களில் பலருக்குப் பதில் ஏற்கெனவே தெரியும். பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி லேபை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நீல நிறத்தில் காப்பர் சல்பேட் கரைசல். அதற்குள் ஓர் இரும்பு ஆணியை வாத்தியார் நூல் கட்டித் தொங்கவிடுவார். கொஞ்ச நேரத்தில் ஆணியின் மேல் செம்பு நிறம் படியும். கரைசலின் நீலம் வெளுக்கும். செம்பு வந்து உட்கார, இரும்பு எழுந்து கரைசலுக்குள் போய்விடுகிறது. மார்க்குக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோனோமே, அதே பரிசோதனையைத்தான் நான் தரங்கம்பாடியில் நானூறு ஆணியை வைத்து நடத்தியிருக்கிறேன்.

ஏனென்றால் மரத்துக்குள் ஏற்றுகிற அந்த மருந்தில் முக்கியமான சரக்கே செம்புதான். பச்சை நிறம் அதனால்தான். செம்பு பூஞ்சைக்கும் பூச்சிக்கும் விஷம். மரம் காய்ந்திருக்கிற வரைக்கும் வம்பில்லை. மழையில் நனைந்தால் ஈரத்தில் கொஞ்சம் செம்பு கரைந்து வரும். வந்து ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும். அதோடு உப்புத் தண்ணீரும் சேர்ந்துவிட்டால் டார்ச் பாட்டரி மாதிரிதான். செம்பு ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம், நடுவில் உப்பு ஈரம். இந்த ஜோடி சேரும்போதெல்லாம் தேய்கிறவர் இரும்புதான்.

இதில் ஏமாந்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல். பிரிட்டிஷ் கடற்படையே ஏமாந்திருக்கிறது. 1761-ல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்தில் புழு அரிக்காமல் இருக்கச் செம்புத் தகடு அடித்தார்கள். இரும்பு ஆணியால் அடித்தார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், தகடு பல இடங்களில் கழன்று கிடக்கிறது. ஆணியெல்லாம் கரைந்து போயிருந்தது. சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. என்ன காரணம் என்று பார்த்தால், தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அங்கே கிழிபடாமல் செம்புக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்ததாம். நம் வீடுகளில் மாமியார், மருமகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிற ஆசாமி மாதிரி! ஆனால் அந்தக் காகிதத்தால் நன்மை நடந்திருக்கிறது.

இன்னொரு விஷயம். இந்தச் செம்பு மருந்தை உலகத்துக்குக் கொடுத்தவர் யார் தெரியுமா? நம்ம ஆள். சொண்டி காமேசம் என்ற இந்திய இன்ஜினீயர், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1933-ல் கண்டுபிடித்தார். செம்போடு ஆர்சனிக், இரண்டையும் மரத்தில் கெட்டியாகப் பிடித்து வைக்கக் குரோமியம். ஆர்சனிக், காப்பர் இரண்டின் ரசாயனக் குறியீட்டையும் சேர்த்து 'ஆஸ்க்யூ' என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் பேடன்ட் வாங்கி, அங்கே தந்திக் கம்பத்திலிருந்து வீட்டுத் திண்ணை வரை அதுதான் ஏறியது.

பிறகு ஆர்சனிக் பற்றிப் பயம் வந்து, 2004-லிருந்து அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். பதிலுக்கு வந்த மருந்துகளில் ஆர்சனிக் இல்லை, குரோமியமும் இல்லை. செம்பு மட்டும் முன்னைவிட அதிகம். மனுஷனுக்கு நல்லது. ஸ்க்ரூவுக்குக் கெட்டகாலம். அதுவரை குரோமியம் செம்பைக் கொஞ்சம் கட்டிப்போட்டு வைத்திருந்தது. கட்டு அவிழ்ந்ததும், அதுவரை தாங்கின ஸ்க்ரூவெல்லாம் தாங்கவில்லை. அங்கே கம்பெனிகள் ஸ்க்ரூ டப்பாவிலேயே 'மருந்து ஏற்றிய மரத்துக்கு ஏற்றது' என்று அச்சடிக்க ஆரம்பித்துவிட்டன. நாம்தான் டப்பாவைப் படிக்காமல் விலையை மட்டும் படிக்கிறவர்கள் ஆயிற்றே!

இனிமேல் சொல்லப்போவது நான் ஒரு கணுக்காலை விலையாகக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. (கணுக்கால் என்னுடையது இல்லை என்பது வேறு விஷயம்.) ஹார்டுவேர் கடையில் நாலு ஜாதி ஸ்க்ரூ இருக்கிறது.

முதலாவது, கறுப்பு ஸ்க்ரூ. ஜிப்சம் போர்டு மாட்டுவதற்காகப் பிறந்தது. ஏ.சி. ரூமில், ஃபால்ஸ் சீலிங்குக்குள் சுகமாக வாழும். வெளியே மழையில் நிறுத்தினால் செத்துப்போகும். வளையக்கூடத் தெரியாது, படக்கென்று ஒடியும்.

இரண்டாவது, பளபள வெள்ளை அல்லது மஞ்சள் ஸ்க்ரூ. மேலே துத்தநாக முலாம். பார்த்தால் எவர்சில்வர் மாதிரியே மினுக்கும், அதில்தான் ஏமாறுவோம். கரண்ட் வைத்து ஏற்றுகிற முலாம், சாதாரணமாக 5 முதல் 10 மைக்ரான் கனம்தான். நம் தலைமுடியே அதைவிடப் பல மடங்கு தடி. (முடி இருக்கிறவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.) வீட்டுக்குள் அலமாரிக்குச் சரி.

மூன்றாவது, சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. ஹாட் டிப் கால்வனைஸ்டு என்பார்கள். சுமார் 450 டிகிரியில் உருகின துத்தநாகத்தில் முழுக்குப் போட்டு வருவது. பார்க்க மங்கலாக, சொரசொரப்பாக, அழகே இல்லாமல் இருக்கும். ஆனால் பூச்சு சுமார் 50 மைக்ரான். துத்தநாகம் கூட்டுக் குடும்பத்து மூத்த அண்ணன் மாதிரி. தான் தேய்ந்து தம்பியான இரும்பைக் காப்பாற்றும். அண்ணன் முழுசாகத் தீர்ந்த பிறகுதான் தம்பிக்குக் கஷ்டம் தெரியும். மயிலாடுதுறை, குத்தாலம் மாதிரி கடலுக்குத் தள்ளி உள்ள இடங்களில் மருந்து மரத்துக்கு இது போதும்.

நாலாவது, நிஜமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி என்பவர் உருவாக்கிய குரோமியம் கலந்த எஃகின் வம்சம். இதிலும் நம்பர் பார்க்க வேண்டும். 304 என்பது நல்ல எவர்சில்வர் பாத்திரம் செய்கிற ரகம். குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8. ஊருக்குள் என்றால் இது பேஷ். ஆனால் தரங்கம்பாடி, பூம்புகார் போலக் கடல் காற்று நேரே முகத்தில் அடிக்கிற இடத்தில் இதற்கும் டீக்கறை மாதிரி திட்டு விழும். அங்கே 316 வேண்டும். அதில் கூடுதலாக 2 சதவீதத்துக்குக் குறையாமல் மாலிப்டினம் இருக்கும். உப்புக்கு அதுதான் பதில் சொல்லும்.

கடைக்காரர் 'எஸ்.எஸ்.' என்று சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். சட்டைப்பையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். 304, 316 இரண்டும் காந்தத்தில் ஒட்டாது, அல்லது பட்டும் படாமல் ஒட்டும். லபக்கென்று தாவி ஒட்டினால் அது 410 என்கிற ரகமாக இருக்கலாம். கெட்டியானது, தகரக் கூரையில் தானே துளை போட்டுக்கொண்டு இறங்கும். ஆனால் துருவைத் தாங்குகிற சக்தி குறைவு. அல்லது வெறும் முலாம் போட்ட இரும்பாகவும் இருக்கலாம். 304-ஆ, 316-ஆ என்று காந்தத்துக்குச் சொல்லத் தெரியாது. அதற்கு டப்பாவின் மேல் நம்பரைப் படித்து, அதையே பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. கீழே மரத்தைத் தாங்குகிற பிராக்கெட் துத்தநாகம் பூசியதாக இருந்தால், ஸ்க்ரூவும் துத்தநாகம் பூசியதாகவே இருக்கட்டும். எவர்சில்வரையும் துத்தநாகத்தையும் ஈரத்தில் ஜோடி சேர்த்தால் பாட்டரி கதை மறுபடி ஆரம்பம். பொருத்தம் பார்த்துச் செய்யுங்கள், பின்னால் சண்டை வராது.

இதையெல்லாம் நான் ஆசாரியிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது மச்சினன் ஒரு கேள்வி கேட்டான். "டில்லியில இரும்புத் தூண் ஆயிரத்து அறுநூறு வருஷமா துருப்பிடிக்காம நிக்குதே மச்சான், அப்பல்லாம் எந்த ஸ்டெயின்லெஸ் இருந்துச்சு?"

நல்ல கேள்வி. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேலே ஒரு மெல்லிய படலம் கட்டிக்கொண்டு காப்பாற்றுகிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். டில்லியின் உலர்ந்த காற்றும் துணை. அந்தத் தூணைக் கொண்டுவந்து உன் வீட்டுக் கொல்லையில் நட்டால் தெரியும் சேதி என்றேன்.

ஆசாரி சிரித்தார். "கடக்கரை ஆளுங்களுக்கு இதெல்லாம் எப்பவோ தெரியும் தம்பி. கட்டுமரத்துல ஏன் கயிறு போட்டுக் கட்டினாங்க? ஆணியே இல்லாட்டி எங்கேருந்து துரு?"

அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. பெயரிலேயே 'கட்டு' இருக்கிறது. இங்கிலீஷ்காரனும் அந்தப் பெயரை வாங்கிக் 'கேட்டமரான்' என்று டிக்‌ஷனரியில் போட்டுக்கொண்டான். மெட்ராஸ் கரையில் ஓடிய மசூலாப் படகையும் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துத்தான் கட்டினார்கள். அலையில் வளைந்து கொடுக்கும், துருவும் பிடிக்காது. நான் மட்டும் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

கடைமுகம் வந்தது, போயிற்று. மாமியார் கட்டிலில் படுத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் என் மனைவி ஞாபகப்படுத்தினாள். மறுநாள் கார்த்திகை ஒன்று. முடவன் முழுக்கு! கால் முடியாத ஒருத்தர் கடைமுகத்துக்கு வந்து சேர முடியாமல் ஒரு நாள் பிந்தி வந்து அழுதாராம். சுவாமி, 'பரவாயில்லை, உனக்கும் அதே பலன் உண்டு' என்றாராம். அன்றிலிருந்து மயிலாடுதுறையில் கார்த்திகை முதல் நாளும் முழுக்கு உண்டு.

விடிகாலையில் காரில் பின்சீட்டு முழுக்க மாமியார் காலை நீட்டிக்கொண்டு வர, துலாக்கட்டத்துக்குப் போனோம். கட்டு நனையக்கூடாது. மச்சினனும் நானும் நாற்காலியோடு தூக்கிப் படித்துறையில் உட்கார வைத்தோம். நான் இறங்கி ஒரு சொம்பில் காவிரித் தண்ணீரை மொண்டு வந்து அவர் தலையில் தெளித்தேன். கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தார். திறந்ததும் கேட்டார்:

"அந்த ஸ்க்ரூவுல எவ்வளவு மிச்சம் பிடிச்சீங்க மாப்பிள்ளை?"

"மூவாயிரத்து இருநூறு அத்தை."

"டாக்டர் பில்லு?"

நான் மறுபடி சொம்போடு தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

மரத்தளத்தை முழுசாகப் பிரித்து, 316-ல் திரும்ப மாட்டினோம். ஒரு அங்குலப் பலகைக்கு இரண்டரை அங்குல ஸ்க்ரூ. எவர்சில்வர் ஸ்க்ரூ கொஞ்சம் மென்மையானது. அவசரப்பட்டு மிஷினால் முடுக்கினால் தலை வழுக்கிவிடும் என்று ஆசாரி ஒவ்வொன்றுக்கும் முதலில் துளை போட்டு, நிதானமாக இறக்கினார். பக்கத்தில் நின்று எண்ணிக் கொடுத்தது நான். பணமும் என்னுடையது. மச்சினன் வேண்டாம் என்றான், மனைவி கொடுங்கள் என்றாள். பிறகு என்ன?

மீந்த துண்டு மரங்கள் ஒரு மூட்டை. மச்சினன் பையன் அதைப் போகிக்கு எடுத்து வைத்திருந்தான். மாமியார் வெந்நீர் அடுப்புக்குக் கேட்டார். இரண்டுக்கும் கூடாது என்று பிடுங்கினேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். எந்த மருந்து ஏற்றின மரமானாலும் எரிக்கக்கூடாது. பழைய ரகமாக இருந்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும். அந்தச் சாம்பல் பாத்திரம் தேய்க்கவோ செடிக்கு உரம் போடவோ கூடாது. அறுத்த தூளையும் கூட்டி அள்ளிவிட வேண்டும். துரு காலைத்தான் பிசக வைக்கும். இது உயிருக்கே உலை.

தைப் பொங்கலுக்குப் போயிருந்தோம். மாமியார் பழையபடி நடக்கிறார். மரத்தளத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே போகவில்லை. திரும்பிச் சமையலறைக்குப் போய், ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த திருப்பதி பெருமாள் காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். குனிந்து முதல் பலகையில் ஒரு ஸ்க்ரூ தலைமேல் வைத்தார். ஒட்டவில்லை. இரண்டாவது பலகையில் வைத்தார். ஒட்டவில்லை. மூன்றாவது... நாலாவது...

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உக்காரலாம்" என்றார். "மாப்பிள்ளை, நீங்க முதல்ல உக்காருங்க."